இடதுகாலைத் தொடும் கை

5

பேய் என்றால் உயிரைக் கேட்கும், ரத்தத்தைக் கேட்கும். இடதுகால் சாக்ஸை மட்டும் உருவிக்கொண்டு போகிற பேயைக் கொழுந்தன் இப்போதுதான் கேள்விப்படுகிறான். அதற்குக் கால் நீட்டிப் படுக்கப் போகிற பலிகடா தான்தான் என்று தெரிந்ததிலிருந்து, சாக்ஸை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தான்.

"ரெண்டு ஜோடி போட்டுக்கோ," என்றாள் அண்ணி, ரயில் பெட்டியின் எதிர்ப் படுக்கையில் சம்மணமிட்டு உட்கார்ந்தபடி.

"எதுக்கு? பேய்க்கு ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமா?"

"ஒண்ணை உருவினா நீ முழிக்க மாட்டே. உன் தூக்கத்தைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

"இன்னைக்கு நான் தூங்குவேன்னு வேற நம்பறீங்களா அண்ணி?"

பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் மரம் ஏறித்தான் ஆக வேண்டும். அண்ணிக்குக் கொழுந்தனாகப் பிறந்தால் பேய்க்குக் கால் நீட்டித்தான் ஆக வேண்டும். அண்ணன் வீட்டோடு இருந்து சமையலையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்கிறான். சலவைக்கடை மாடியில் ஓர் அறை பிடித்து அண்ணி துப்பறிகிறாள். வருகிற கட்சிக்காரர்களிடம், "இது என் கொழுந்தன், கூடமாட இருப்பான்" என்று ஒரே வரியில் அறிமுகம் செய்வாள். நாற்பது வயதில் அவனுக்கு அதுவே பெயராகிவிட்டது.

ஜன்னலுக்கு வெளியே இருட்டு வருவதற்கு முன்பே வெறுமை வந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்த நிலம். மரம் இல்லை, வீடு இல்லை, எங்காவது ஓர் ஆடு நின்றால் பரவாயில்லை என்று தோன்றுகிற அளவுக்கு ஆளரவம் இல்லை. வண்டி நின்ற ஊர்களின் பெயர் எதையும் இருவரும் கேள்விப்பட்டதில்லை. ஒரு விளக்கு, ஒரு பெஞ்சு, ஒரு பெயர்ப்பலகை. இறங்குகிறவரும் இல்லை, ஏறுகிறவரும் இல்லை. பிறகு எதற்கு நிறுத்துகிறார்கள் என்று கேட்கக் கொழுந்தனுக்குத் தைரியம் வரவில்லை. யாருக்காகவோ நிறுத்துகிறார்கள் என்று பதில் வந்துவிட்டால்?

அட்டெண்டர் வந்தான். அவன்தான் இந்த வழக்கின் கட்சிக்காரன். முப்பது வயது இருக்கும். சாம்பல் நிறச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தான். தூங்கும் பெட்டியில் வருகிறவர்களுக்கு விரிப்பும் கம்பளியும் தலையணையும் கொடுப்பது, விடிந்ததும் வாங்கி அடுக்குவது, நடுராத்திரியில் இறங்குகிறவர்களை எழுப்பிவிடுவது, இதுதான் வேலை.

"உக்காருங்க," என்றாள் அண்ணி. "மறுபடி முதல்லேருந்து சொல்லுங்க. இவன் வாயை மூடிட்டுக் கேப்பான்."

"அது என்னால முடியாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு," என்றான் கொழுந்தன்.

அட்டெண்டர் உட்காரவில்லை. "பத்து மாசமா நடக்குதுங்க. தூங்கறவங்க காலை யாரோ தொடறாங்க. முழிச்சுப் பாத்தா யாரும் இல்ல, இடதுகால் சாக்ஸைக் காணோம். சிரிச்சிட்டு விட்டுட்டாங்க எல்லாரும். போன வாரம் ஒரு மரக்கடைக்காரர். கண்ணைத் திறந்தா கால்மாட்டுல வெள்ளையா ஒரு உருவம். அலறிக்கிட்டு இறங்கினவர் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு போச்சு."

"பழி உங்க மேல."

"ராத்திரி இந்தப் பெட்டிக்குள்ள நடமாடறவன் நான் ஒருத்தன்தானே? நாளைக்குக் காலைல கடைசி ஸ்டேஷன்ல விசாரணை. வெளியாள் செஞ்சதுன்னு தெரிஞ்சா என்னை விட்டுடுவாங்க. நானோ, எனக்கு வேண்டியவங்களோ செஞ்சதா இருந்தா அன்னைக்கே வேலை போச்சு." கழுத்துப் பொத்தானைச் சரிசெய்துகொண்டான். "இது எங்கப்பா இருந்த வேலைங்க. இதே வண்டி. சாகறப்போ, பேர் கெடாம பாத்துக்கடான்னு சொல்லிட்டுப் போனாரு."

"கால்ல ஷூவைக் கழட்டிட்டுச் சித்த உக்காருங்களேன், விடியிற வரைக்கும் நிக்கணும்ல," என்ற கொழுந்தன் குனிந்து பார்த்தான். "ஆமா, ரெண்டும் ஒரே ஜோடி இல்ல போலிருக்கே? இடதுகாலுக்கு அண்ணன், வலதுகாலுக்குத் தம்பியா?"

அட்டெண்டர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். "டியூட்டியில கழட்ட மாட்டேன்" என்று மட்டும் சொன்னான்.

அண்ணி கொழுந்தனை ஒரு முறை முறைத்துவிட்டுக் கேட்டாள். "புகார் சொன்னவங்க எல்லாரும் ஆம்பளைங்களா?"

"ஆமாங்க."

"வெறுங்காலோட படுத்தவங்க?"

"ஒருத்தர்கூடப் புகார் சொல்லலை."

"பாத்தியா தம்பி?"

"பாத்தேன் அண்ணி. பேய்க்கு நாகரிகம் தெரியுது. கால் கழுவாதவனைத் தொடறதில்ல."

"வெறுங்காலையும் தொட்டிருக்கும்டா. அவங்க முழிக்கலை, அவ்வளவுதான். சாக்ஸ் போட்டவனுக்கு அதை உருவ வேண்டியிருக்கு, அதனால முழிச்சுக்கறான். முழிச்சதும் கையில இருக்கறதோட ஓட வேண்டியிருக்கு. சாக்ஸ் மேல அதுக்கு ஆசையே இல்ல. அதுக்கு வேண்டியது கால்." அட்டெண்டர் பக்கம் திரும்பினாள். "அப்புறம், வெள்ளையா நின்ன அந்த உருவத்துக்கு விரிப்பைக் கொடுத்ததே நீங்கதான்."

"நானா?"

"உங்க விரிப்பைப் போர்த்திக்கிட்டுத்தான் நடக்குது. எல்லாரும் வெள்ளையா போர்த்திக்கிட்டுக் கிடக்கற எடத்துல வேற எப்படி நடக்கும்? டிக்கெட் வாங்கிட்டு வர்ற பேய். அடிக்கடி வர்ற முகம் ஏதாவது ஞாபகம் இருக்கா?"

"முகத்தை எங்கங்க பாக்கறேன்? படுக்கை நம்பரைப் பாத்துக் கொடுத்துட்டுப் போயிட்டே இருப்பேன்."

"அதேமாதிரி உங்க முகத்தையும் யாரும் பாக்கறதில்ல, இல்லையா?" என்றாள் அண்ணி. அவன் கம்பளிக் கட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போனான்.

விளக்குகள் அணைந்தன. ஒரே ஒரு நீல பல்பு மட்டும் நடைவழியின் கோடியில் எரிந்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லி வைத்தவன் தூங்கும் பெட்டியில் போயிருக்க மாட்டான். இங்கே இருட்டைவிட வெள்ளைதான் பயமுறுத்தியது. மேலும் கீழுமாக, தலை முதல் கால் வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு வரிசையாகக் கிடந்தார்கள். மாலையில் குழந்தைக்குக் கதை சொன்னவர் யார், ரேடியோ கேட்டவர் யார், ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. முகத்தை மூடிவிட்டால் மனிதனுக்கும் மனிதனுக்கும் வித்தியாசமே இல்லாமல் போய்விடுகிறது. இதில் ஒருவர் செத்திருந்தாலும் விடிகிற வரை தெரியாது என்று ஒரு நினைப்பு வந்து தொலைத்தது. அதன் பிறகு எங்கே தூங்குவது?

வண்டி எங்கோ நின்றது. விளக்கு வெளிச்சம் ஜன்னல் வழியாக நீளமாக உள்ளே விழுந்து, கூரையில் ஊர்ந்து, போய்விட்டது. கதவு திறந்து மூடிய சத்தம். பிறகு சக்கரங்கள்.

திட்டம் சுலபமானது. கை பட்டதும் கொழுந்தன் அதைப் பிடித்துக்கொண்டு கத்த வேண்டும். கத்துவதில் அவனுக்குக் குறைச்சல் இல்லை என்று அண்ணியே சொல்லியிருந்தாள்.

கை பட்டது.

கத்த வாய் வரவில்லை. கம்பளியின் நுனி மெல்ல விலகியது. ஜில்லென்று விரல்கள் கணுக்காலில் பட்டு, முதல் சாக்ஸை உருவின. உள்ளே இன்னொன்று இருப்பதைக் கண்டு ஒரு கணம் திகைத்தன. அதையும் உருவின. பிறகு அந்த விரல்கள் அவன் கால்விரல்களை எண்ணத் தொடங்கின.

பெருவிரல். அடுத்தது. அடுத்தது. ஒவ்வொன்றையும் நுனியில் தொட்டுத் தொட்டு, அந்தக் கை சுண்டுவிரல் வரை வந்தது. அங்கே நிற்கவில்லை. சுண்டுவிரலுக்கு அப்பால், வெறும் தோல் மட்டும் இருக்கிற இடத்தைத் தடவியது. மறுபடியும் தடவியது. இல்லாத ஒன்றை அங்கே தேடியது.

பிறகு ஒரு பெருமூச்சு. பேய் பெருமூச்சு விடுமா?

அதற்குப் பிறகு நடந்ததை அவன் எதிர்பார்க்கவில்லை. அவன் அசையாமல் கிடந்ததால் அந்தக் கைக்கு அவசரம் இருக்கவில்லை. உள்சாக்ஸை எடுத்து, குதிகாலைக் குதிகாலோடு பார்த்து வைத்து, சுருக்கம் விழாமல் மாட்டியது. அதன் மேல் வெளிச்சாக்ஸ். கம்பளியை இழுத்துக் காலை மூடி, குளிர் நுழையாதபடி ஓரத்தை மெத்தைக்கடியில் செருகியது. இப்படி ஒருவர் தனக்குப் போர்த்திவிட்டு எத்தனை காலமாயிற்று! அவ்வளவு நேரம் இருந்த பயம் போன இடம் தெரியவில்லை. காரணமே இல்லாமல் அழுகை வந்தது அவனுக்கு.

வெள்ளை உருவம் எதிர்ப் படுக்கைக்கு நகர்ந்தது.

"எனக்கும் அஞ்சு விரல்தாம்மா," என்றாள் அண்ணி இருட்டுக்குள்ளிருந்து, மெதுவாக. "எண்ண வேண்டாம். பயப்படாதீங்க. வாங்க, அந்தப் பக்கம் உக்காந்து பேசலாம்."

கதவுக்கும் கைகழுவும் தொட்டிக்கும் நடுவில், ஒற்றை இருக்கையில் அந்தம்மா உட்கார்ந்தாள். விரிப்பை விலக்கியதும் பேய் போய்விட்டது. ஐம்பதை எட்டிய ஒரு பெண், நரை விழுந்த தலை, கையில் விரலளவு டார்ச். சக்கரச் சத்தம் கீழேயிருந்து ஏறி வந்தது. அவள் தப்பி ஓடப் பார்க்கவில்லை. எப்போதாவது பிடிபடுவோம் என்று காத்திருந்த களைப்புதான் முகத்தில் இருந்தது.

"யாரைத் தேடறீங்க?" என்றாள் அண்ணி.

"எம் பையனை."

"எப்ப தொலைஞ்சான்?"

"தொலையலைம்மா. தொலைச்சேன்." அவள் டார்ச்சைத் திருகிக்கொண்டே இருந்தாள். "எனக்கு அப்போ பத்தொம்பது வயசு. கல்யாணம் ஆகலை. குழந்தையோட வீட்டுக்கு வந்தா ரெண்டு பேரையும் வெட்டிப் போட்டுடுவேன்னான் எங்கண்ணன். செய்யக்கூடியவன். இந்த வண்டியில ஏறினேன். ராத்திரி பால் கொடுத்துத் தூங்க வச்சு, கம்பளியைப் போர்த்தி, படுக்கையிலேயே விட்டுட்டு இறங்கிட்டேன். எந்த ஊருன்னுகூடத் தெரியாது. ஒரே ஒரு விளக்கு எரிஞ்சுது. வண்டி போனப்புறம் அதையும் அணைச்சுட்டாங்க."

கொழுந்தன் தொண்டையைச் செருமினான். ஏதாவது வேடிக்கையாகச் சொன்னால் தேவலை போலிருந்தது. அதற்குப் பதிலாக, தரையில் புரண்ட அவள் விரிப்பை எடுத்து மடித்தான்.

"போன வருஷம் அண்ணன் செத்தான். அன்னைக்கே கிளம்பிட்டேன். இந்தத் தடத்துல ஒவ்வொரு ஸ்டேஷனா எறங்கி விசாரிச்சேன். டீ விக்கற ஒரு கிழவிக்கு ஞாபகம் இருந்தது. ரயில்காரங்க வீட்டுல வளர்ந்தான், இப்பவும் ராத்திரியானா இந்த வண்டியிலதான் போறான்னா. மேல கேக்கறதுக்குள்ள எவ்வளவோ கூட்டம். மறுபடி போனப்போ கிழவி இல்ல."

"அதனால டிக்கெட் வாங்கி வாங்கிப் போறீங்க."

"முகம் எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதே. எனக்குத் தெரிஞ்சது அந்தக் கால்தான். இடதுகால்ல ஆறு விரல்."

பின்னால் ஏதோ மெத்தென்று விழுந்தது.

கொழுந்தன் திரும்பினான். அட்டெண்டர் நின்றுகொண்டிருந்தான். காலடியில் நாலைந்து தலையணைகள். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை. அந்தம்மா அவன் சட்டையைப் பார்த்ததும் எழுந்து கைகூப்பினாள்.

"உங்களுக்குக் கெட்ட பேர்னு சொன்னாங்க தம்பி. அந்த மனுஷன் விழுவாருன்னு நான் நெனைக்கலை. காலைல நானே வந்து சொல்லிடறேன். என்ன தண்டனை கொடுத்தாலும் சரி. உங்க வேலை போகக் கூடாது."

அட்டெண்டர் தலையணைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "போய்ப் படுங்க. குளிருது" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

அண்ணி அந்தம்மாவைப் படுக்கைக்கு அனுப்பிவிட்டு, கொழுந்தனைத் தொட்டிப் பக்கம் தள்ளினாள்.

"யோசி. தினம் ராத்திரி இந்த வண்டியில போயும், ஒரு தடவைகூடக் காலை நீட்டிப் படுக்காதவன் யாரு?"

"டிரைவரா?"

"அவரு எப்படா இந்தப் பெட்டிக்கு வந்தாரு?"

கொழுந்தன் இன்னொரு பதிலுக்காக வாயைத் திறந்தான். திறந்த வாய் அப்படியே நின்றது. வலதைவிட அகலமான அந்த இடது ஷூ. பின்னுக்கு இழுத்துக்கொண்ட கால். தான் அடித்த கேலி நினைவுக்கு வந்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பத்து மாசமா ஒரு பெட்டியில இருக்கற கால் அத்தனையும் எண்ணியிருக்கா," என்றாள் அண்ணி. "விரிப்பு கொடுத்த கையைப் பாத்திருப்பா. அவனுக்குக் கால் இருக்குங்கறதே தோணலை."

விரிப்புகள் அடுக்கும் சின்ன அறையில் அட்டெண்டர் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தான். அவன் உட்கார்ந்து அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"தெரியும் எனக்கு," என்றான், அவர்கள் கேட்பதற்கு முன்பே. "எங்கப்பா விடியக்காலைல கம்பளி மடிக்கறப்போ கிடைச்சேன். ஒரு கம்பளியை உதறப் போயிருக்காரு, கனமா இருந்திருக்கு. எங்கம்மா சாகறதுக்கு முன்னால சொன்னாங்க. அவங்கதான் எங்கம்மா. இவங்க யாரோ."

"சரி," என்றாள் அண்ணி.

"அவரு பாக்காம அப்படியே உதறியிருந்தா?" அவன் குரல் உடைந்தது. "அழுக்குத் துணியோட துணியா விட்டுட்டுப் போயிட்டு, இப்ப வந்து விரல் எண்ணறாங்க!"

கொழுந்தன் அவன் தோளில் கை வைத்தான். அவன் தட்டிவிடவில்லை.

"நாங்க உங்களுக்கு வேலை செய்யறவங்க," என்றாள் அண்ணி. "பேயைப் பிடிச்சாச்சு. வெளியாள். காலைல அவங்களே வந்து சொல்றேங்கறாங்க. உங்க வேலை போகாது. அதுக்கு மேல நாங்க வாயைத் திறக்கணுமா வேண்டாமா, நீங்க சொல்லுங்க."

"வேண்டாம். அவங்களுக்குத் தெரிய வேண்டாம். எறங்கிப் போகட்டும்."

"சத்தியமா?" என்றான் கொழுந்தன். அண்ணி அவன் காலை மிதித்தாள்.

"எங்கப்பா பேர் கெடக் கூடாதுங்க. எனக்கு அது போதும்," என்றான் அட்டெண்டர். எழுந்து, மடித்து வைத்த விரிப்புகளை மறுபடி பிரித்து மறுபடி மடிக்க ஆரம்பித்தான்.

விடிந்தது. கடைசி ஸ்டேஷனின் விசாரணை அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, தண்ணீர் ஜாடி. அதிகாரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ரகம். அந்தம்மா சொன்னபடியே வந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். காலைத் தொட்டது, சாக்ஸை உருவியது, மரக்கடைக்காரர் விழுந்ததைப் பார்த்து ஓடியது. எதற்காக என்பதை மட்டும் சொல்லவில்லை.

"மூளை சரியில்லையா உனக்கு?" என்றார் அதிகாரி.

"அப்படியே வச்சுக்குங்க ஐயா. இந்தப் பையன் மேல தப்பு இல்ல. இவரை எனக்குத் தெரியவே தெரியாது."

கொழுந்தன் சுவரோரமாக நின்று தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறக்காமல் இருப்பது இவ்வளவு வலிக்கும் என்று அவனுக்கு இதுவரை தெரியாது.

அதிகாரி நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். வழக்கு சுலபமாக முடிந்ததில் அவருக்குத் திருப்தி. "வாசல்ல போலீஸ் நிக்கறாங்க, அவங்களோட போம்மா. ஒரு மனுஷன் இடுப்பொடிஞ்சு கிடக்கான், விளையாட்டா?" பிறகு அட்டெண்டரிடம், "நீ போகலாம்ப்பா. ராத்திரி வண்டிக்கு வந்துடு. முறைக்கு ஒரு வார்த்தை கேட்டுடறேன். இந்தப் பொம்பளை உனக்கு வேண்டியவளா?"

இல்லை என்று ஒரு சொல். அது போதும். அவன் அப்பா செய்த வேலை அவனிடமே இருக்கும்.

அட்டெண்டர் அந்தம்மாவைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே வாசல் பக்கம் திரும்பிவிட்டிருந்தாள். தோள்பையை மாட்டத் தெரியாமல் மாட்டிக்கொண்டிருந்தாள், பட்டை நழுவி நழுவி விழுந்தது.

"ஆமாங்க," என்றான்.

"என்ன ஆமா?"

"என்னைப் பெத்தவங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "யோசிச்சுப் பேசுப்பா. என்ன சொல்றேன்னு தெரியுதா? வேண்டியவங்கன்னா நான் விட முடியாது."

"தெரியுங்க. என்னைத் தேடித்தான் அலைஞ்சாங்க. அவங்களைத் தனியா அனுப்பாதீங்க, நானும் வர்றேன்."

தோள்பை தரையில் விழுந்தது. அந்தம்மா திரும்பினாள். நம்பத் தெரியாமல், அண்ணியைப் பார்த்தாள், கொழுந்தனைப் பார்த்தாள், கடைசியில்தான் அவனைப் பார்த்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன்தான் நடந்து போனான்.

அண்ணி கொழுந்தனின் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்துக் கதவைச் சாத்தினாள். பிளாட்பாரத்தில் ஆட்கள் பெட்டி படுக்கையோடு போய்க்கொண்டிருந்தார்கள். சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, முப்பது வருஷம் அடக்கி வைத்த ஓர் அழுகை கேட்டது.

"வேலை போயிடுமா அண்ணி?"

"போயிடும்."

"அப்ப நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?"

அண்ணி மூக்கை உறிஞ்சினாள். "வாயை மூடிட்டு உள்ள போய், அவங்களுக்கு ஒரு நல்ல வக்கீல் தெரியும்னு சொல்லிட்டு வா," என்றாள்.